பிறந்த வீட்டுக்குப் போன சைக்கிள்

சென்னை ஏர்போர்ட்டில் சோதனை போடுகிற அதிகாரி என் அட்டைப்பெட்டியை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பெரியவரே, வீணையா?" என்று கேட்டார்.

"சைக்கிளு சார். சக்கரம், செயினு எல்லாம் கழட்டிட்டு எலும்பு மட்டும்தான் இருக்குது. அது பொறந்த ஊருக்குக் கூட்டினு போறேன்."

அவர் என் நெற்றியில் இருந்த பட்டையைப் பார்த்தார். பெட்டியில் மூலைக்கு மூலை என் வீட்டுக்காரி கலா வைத்திருந்த மஞ்சளைப் பார்த்தார். மேலே போட்டிருந்த பிள்ளையார் சுழியையும் பார்த்தார். "போங்க, போங்க" என்று விட்டுவிட்டார்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாவு மிஷின் வைத்திருக்கிறவன். படிப்பு எட்டாவது. மிளகாயும் கேழ்வரகும் பதமாக அரைக்கத் தெரியும், வெளிநாடு தெரியாது. மகள் மீனா, மருமகன் பிரபு இரண்டு பேரும் தைவான் நாட்டில் தாய்ச்சுங் என்கிற ஊரில் இருக்கிறார்கள். பேரனுக்கு முதல் பிறந்தநாள், வந்தே ஆகவேண்டும் என்றாள் மீனா. முருகன் கூப்பிடுகிறான் என்று நினைத்துக் கிளம்பினேன். கலா வரவில்லை. மிஷினை யார் பார்ப்பது, சரவணனுக்கு யார் சோறு போடுவது?

அந்தப் பெட்டி சரவணனுடையது. என் மகன். ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறான். விடியற்காலை ஈ.சி.ஆர். ரோட்டில் சைக்கிள் ஓட்டுவதுதான் அவனுக்கு மூச்சு. தேசியப் போட்டிக்குப் புதுச்சேரி அணியில் சேர ஒரு தேர்வு வருகிறது, அதில் ஜெயிக்கவேண்டும் என்று இரண்டு வருஷமாக உடம்பை வருத்துகிறான். அவன் ஆசையைப் பார்த்து கலாவின் அண்ணன் கிருஷ்ணராஜ் மச்சான் ஒரு பிரெஞ்சுக் கம்பெனி கார்பன் ஃபிரேமை வாங்கிக்கொடுத்தார். மச்சான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. வருஷத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. பிரான்சில் செய்த ஊசியைக்கூட நம் ஊர் கடப்பாரைக்கு மேலே என்று சொல்கிற மனுஷன்.

ஃபிரேமை ஒரு விரலில் தூக்கலாம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சைக்கிளாகப் பூட்டிக் கோயில் வாசலில் பூஜை போட்டோம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், ஹேண்டிலுக்கு மாலை, எல்லாம் முறைப்படி. கலா உள்ளங்கை அளவு பித்தளை வேல் ஒன்று வேண்டிக்கொண்டு வாங்கியிருந்தாள். அதை மேல் பைப்பில் பொருத்தவேண்டும் என்றாள். நெல்லித்தோப்பில் நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர், தண்ணீர்க் குழாய்க்குப் போடுகிற ஸ்குரு கிளாம்பு ஒன்றைச் சுற்றி வேலைப் பிடிக்கவைத்தார்.

"கழண்டு விழுந்தா அபசகுனம்பா. நல்லா இறுக்கு" என்றாள் கலா.

"இன்னும் ஒரு சுத்து" என்றேன் நான்.

சரவணன் மட்டும் முனகினான். "ஊர்ல அவனவன் கிராம் கிராமா எடையக் கொறைக்கிறான். நம்ம வீட்ல வேல ஏத்துறாங்க."

"வாய மூட்றா. அதுதான்டா உனுக்குக் காவலு."

போன மழையில் நாய் குறுக்கே வந்து சரவணன் விழுந்தான். முழங்கை தோல் உரிந்ததோடு போயிற்று. வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் மச்சான் கண்ணில் அது பட்டது. ஃபிரேமில், பெடல் பூட்டுகிற இடத்துக்கு அடியில், நகம் அளவுக்கு ஒரு ஸ்டிக்கர். மேட் இன் தைவான்.

மச்சான் முகம் செத்துப்போயிற்று. "மாப்ள, நான் பிரான்சுன்னு நம்பித்தானே வாங்குனேன்? கடைக்காரன் தேன் மாதிரி பேசுனானே!"

"தைவான்னா சைனா பக்கமா? அதான் புள்ள வுழுந்தான்" என்றாள் கலா.

"நாய் வந்துச்சும்மா" என்றான் சரவணன். அவன் சொல்வதை யாரும் காதில் வாங்கவில்லை.

சைக்கிள் கடைக்காரர் வேறு ஒரு குண்டைப் போட்டார். கார்பன் விழுந்தால் வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே உடைந்திருந்தால் தெரியாது, ஒருநாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாகப் பிளந்துவிடும் என்றார். "நான் அந்த ஊருக்குத்தான்டா போறேன். எங்க செய்றாங்க, யார் செய்றாங்கன்னு கண்ணால பார்த்துட்டு, உள்ள நல்லாருக்குதான்னும் கேட்டுனு வர்றேன். அதுவரைக்கும் இதுல நீ ஏறக்கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

"அது இல்லாம தேர்வுக்குப் போறதும் போகாததும் ஒண்ணுதாம்பா" என்றான். ஆனாலும் என் பேச்சைத் தட்டவில்லை. தானே கழற்றிப் பெட்டியில் வைத்தான். கழற்றிய வேலைக் கலா என் பையில் போட்டாள். "வழித்துணைக்கு எடுத்துனு போங்க."

தைவானில் இறங்கிய முதல் நாளே பெட்டி தொலைந்தது. ஏர்போர்ட்டிலிருந்து தாய்ச்சுங் போகிற பஸ்ஸில் பெட்டியை அடியில் வைத்தார்கள். எந்த நிறுத்தத்தில் இறங்கவேண்டும் என்று மீனா போனில் சொல்லிக்கொடுத்திருந்தாள். நான் தூக்கக் கலக்கத்தில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டேன். பஸ் கிளம்பியபிறகுதான் பெட்டி ஞாபகம். "ஏய்! ஏய்!" என்று கொஞ்ச தூரம் வேட்டியோடு ஓடினேன். டிக்கெட் கொடுக்கும் அறையில் இருந்த அம்மாள் வெளியே வந்து என்னை உட்காரவைத்து, வெந்நீர் கொடுத்து, யாருக்கோ போன் போட்டாள். பாஷை தெரியாததால் நான் கந்தர் சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முடிவதற்குள் எதிர்த்திசையில் இன்னொரு பஸ் வந்து நின்றது. முன் சீட்டில் என் பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட் போட்டிருந்தார் டிரைவர். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் குனிந்து கும்பிட்டார். நம் ஊர் பஸ்ஸில் எனக்கே உட்கார இடம் கிடைப்பதில்லை.

ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று. எங்கே பார்த்தாலும் ஸ்கூட்டர், நம் ஊர் மாதிரியே. ஒரே ஒரு வித்தியாசம், சிவப்பு விளக்கில் எல்லாரும் நிற்கிறார்கள். யாருமே இல்லாத தெருவில்கூட ஒருவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். வண்டி ரிப்பேர் போல என்று நினைத்தேன். பச்சை விழுந்ததும் போய்விட்டார்.

சாப்பாடுதான் கொஞ்சம் பயம். இரண்டாம் நாள் கடைத்தெருவில் ஒரு வாடை வந்தது. குருசுக்குப்பத்தில் கருவாடு காயப்போட்டிருக்கும்போது மழை பெய்தால் எப்படி இருக்கும், அப்படி. "மீனா, எவனோ சாக்கடையத் தொறந்துட்டான்" என்றேன். "அது பலகாரம்பா" என்றாள். சோயாப் பாலைத் திரித்துக் கட்டியாக்கி, ஊறவைத்துப் பொரிக்கிறார்களாம். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு துண்டு தின்றேன். பொய் சொல்லக்கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் கிருத்திகை. நான் விரதம். பிரபு சைவக் கடை ஒன்றுக்குக் கூட்டிப்போனார். வாசலிலேயே ஸ்வஸ்திகா மாதிரி ஒரு சின்னம் போட்டிருந்தது, பார்த்ததும் நிம்மதி. உள்ளே போனால் தட்டில் முழு மீனை வைத்துவிட்டுப் போகிறாள் அந்தப் பெண். தோல், வால், எல்லாம் இருக்கிறது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"மாமா, உக்காருங்க. சோயா மாமா அது. மேல இருக்கறது கடல் பாசி."

"சைவம்னா எதுக்கு மீன் வேஷம் போடணும் மாப்ள?"

"சாப்பிட ஆசையும் இருக்கணும், பாவமும் வரக்கூடாதுல்ல?"

முருகா, கண்ணால் பார்த்த குற்றத்தை மன்னித்துக்கொள் என்று சொல்லிச் சாப்பிட்டேன். வெளியே எழுதியிருப்பது ஒன்று, பார்வைக்குத் தெரிவது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று. மச்சானும் அந்த ஸ்டிக்கரும் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

பேரனுக்கு அரைஞாண் கட்டி, கேக் வெட்டி முடித்த மறுநாள் சைக்கிள் ஃபிரேம் செய்கிற பட்டறை ஒன்றுக்குப் போனோம். பிரபு குடியிருக்கும் வீட்டுச் சொந்தக்காரரின் அக்கா அதை நடத்துகிறார். பெயர் லின். மீனா 'லின் அக்கா' என்றே கூப்பிடுகிறாள். அறுபது வயது இருக்கும், குள்ளமான அம்மாள், காதில் பென்சில் சொருகியிருந்தார். மீனாவுக்கு அந்த பாஷை தெரியும், அவள்தான் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பெரிய கட்டடம் எல்லாம் இல்லை. நம் ஊர் தொழிற்பேட்டையில் இருக்கிற ஷெட்டு மாதிரி. உள்ளே நுழைந்ததும் கன்னங்கரேலென்று ஃபிரேம்கள் வரிசையாகத் தொங்குகின்றன. பெயிண்ட் கிடையாது, பெயர் கிடையாது. கோடியில் ஒரு மேஜையில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ஒன்றுக்கு இத்தாலிப் பெயர், அடுத்ததற்கு ஜெர்மனிப் பெயர். ஒரே கொடியில் காயும் துணிகளை ஆளுக்கொரு வீடாகப் பிரித்துக் கொடுப்பது போல இருந்தது.

"எங்க மச்சான் பிரான்சுல செஞ்சதுன்னு நெனச்சு ஏமாந்துட்டாரு. இது எந்த ஊருன்னு கேளு" என்றேன்.

லின் அக்கா சிரித்துவிட்டார். மீனா சொன்னாள்: "கார்பன் நூலு ஜப்பான்ல இருந்து வருதாம்பா. பசை போட்டு சீட்டாக்கறது இங்கயாம். வெட்டி ஒட்டறது வியட்நாம் பொண்ணுங்களாம். எப்படி இருக்கணும்னு படம் போட்டு அனுப்புனது பிரான்சுக்காரங்களாம். எந்த ஊருன்னு நீங்களே சொல்லுங்கன்னு கேக்குறாங்க."

நான் விரல் விட்டு எண்ணினேன். பக்கத்தில் ஒரு மிஷின் மேல் பச்சை நிறத்தில் தின்பண்டப் பாக்கெட் ஒன்று இருந்தது. அடுத்த மிஷின் மேலும் ஒன்று. யாரோ மறந்து வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொடுக்கப் போனேன். மீனா என் கையைப் பிடித்துவிட்டாள். "தொடாதப்பா! அது சாமிக்கு வெச்ச மாதிரி. அந்தப் பாக்கெட் இருந்தா மிஷின் சொன்ன பேச்சு கேக்குமாம். பச்சைப் பாக்கெட்டாத்தான் இருக்கணும். தேதி முடிஞ்சா மாத்திடுவாங்க."

அங்கேயே எனக்குப் பாதி பயம் போய்விட்டது. என் மாவு மிஷின் மேல் எலுமிச்சம்பழம் இருக்கிறது. காய்ந்தால் வெள்ளிக்கிழமை மாற்றுகிறேன். மிஷினுக்கு முன்னால் பயபக்தியோடு நிற்கிறவர்கள் வேலையில் திருட்டுத்தனம் செய்யமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை.

லின் அக்கா பெட்டியைத் திறந்து ஃபிரேமை மேஜையில் கிடத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, அதன் விளிம்பால் ஓர் ஓரத்திலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டிங், டிங், டிங். அர்ச்சனைக்குத் தேங்காய் வாங்கும்போது நான் தட்டிப் பார்ப்பது இப்படித்தான். அதனால் எனக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. சரவணன் விழுந்து கீறின இடத்தில் தட்டினார். டிங். நல்ல சத்தம். கும்பிட்டுக்கொண்டேன்.

மேல் பைப்புக்கு வந்தார். டிங், டிங், டொப்.

திரும்பத் தட்டினார். டொப். அழுகின தேங்காய். அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு, ஒரு கருவியை வைத்துப் பார்த்தார். திரையில் கோடு ஒன்று நெளிந்தது. உள்ளே உடைந்திருக்கிறது.

"வுழுந்ததுல ஒடையலயாம்பா" என்றாள் மீனா. குரல் இறங்கிவிட்டது. "சுத்தி வளையமா எதையோ போட்டு நெரிச்சிருக்காங்களாம். கார்பன் இழுத்தா தாங்கும், மிதிச்சா தாங்கும், நெரிச்சா தாங்காதாம். என்ன இருந்துச்சு அந்த எடத்துலன்னு கேக்குறாங்க."

மீனாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பையிலிருந்து வேலை எடுத்து மேஜையில் வைத்தேன்.

லின் அக்கா உடனே எழுந்து நின்றார். என்ன என்று கேட்கவில்லை. சாமிச் சாமான் என்று தெரிந்திருக்கிறது. இரண்டு கையையும் சேர்த்து மூன்று தடவை கும்பிட்டார். அப்புறம் மிஷின் மேல் இருந்த பச்சைப் பாக்கெட்டைக் காட்டி, மெதுவாக ஏதோ சொன்னார்.

"நாங்களும் வெப்போம். ஆனா மேல வெப்போம், இறுக்க மாட்டோம்கறாங்கப்பா."

ஒட்டித் தரமுடியும், புதுசு போலவே தாங்கும் என்று அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் கலாவுக்கு போன் போட்டேன். எப்படிச் சொல்வது? அவள் வேண்டுதல் அது. சுற்றி வளைத்துப் பார்த்தேன், முடியவில்லை. "வேல் இருந்த எடத்துலதான் கலா. வேற எங்கயும் இல்ல" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் மாவு மிஷினை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

"அப்போ வேல்தான் புள்ளயக் காப்பாத்திச்சு" என்றாள்.

"கலா, வேல் மாட்டுனதாலதான்..."

"இறுக்குனது நாம. வேல் என்னா பண்ணும்? நாய வுட்டு அவனத் தள்ளிவுட்டுச்சு. அதுல ஏறாதன்னு உங்க வாயால சொல்ல வெச்சுச்சு. அவ்ளோ தூரம் கொண்டுபோய் காட்டியும் குடுத்துச்சு. இன்னும் என்னா பண்ணணும்னு எதிர்பார்க்குறீங்க?"

அவளிடம் வாதம் பண்ணி நான் எந்தக் காலத்தில் ஜெயித்தேன்? யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் எனக்கும் தப்பு தெரியவில்லை.

ஒட்டுகிற அன்று என்னையும் வரச்சொன்னார்கள். அது தனி அறை, கண்ணாடிக் கதவு. வாசலில் லின் அக்கா என் நெற்றியைக் காட்டினார். மீனா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உள்ள தூசி விழக்கூடாதாம்பா. ரெண்டு சீட்டுக்கு நடுவுல ஒரு பொட்டு துகள் மாட்டினாலும் அங்க பலம் இருக்காதாம். விபூதிய..."

முகம் கழுவினால் உடனே திருநீறு பூசுவேன். பூசாத நெற்றியோடு வெளியாட்கள் முன்னால் நின்றதில்லை. குழாயடியில் நின்றுகொண்டே இருந்தேன்.

"தீ மிதிக்கப் போறவங்க செருப்பக் கழட்டுறாங்க இல்ல? அப்படி நெனச்சுக்கப்பா" என்றாள் மீனா.

கதவு ஓரத்தில் கொக்கிகள் இருந்தன. லின் அக்கா கழுத்திலிருந்து கோயில் தாயத்து ஒன்றைக் கழற்றி மாட்டினார். பக்கத்துக் கொக்கியில் பச்சைக்கல் வளையல், அதற்கடுத்து ஒரு சிலுவை. எல்லாரும் அவரவர் சாமியை வாசலில் வைத்துவிட்டுத்தான் போகிறார்கள். நான் நெற்றியைக் கழுவினேன். காலியாக ஒரு கொக்கி இருந்தது, வேலை அதில் மாட்டினேன்.

உள்ளே வியட்நாம் பெண் ஒருத்தி உடைந்த இடத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுக் கருப்புச் சீட்டைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டினாள். ஒன்று நேராக, அடுத்தது சாய்வாக, மறுபடி நேராக. புண்ணுக்கு மருந்து வைப்பதுபோல விரல் நுனியால் தடவித் தடவி ஒட்டினாள். அவள் குழந்தை அவள் அம்மாவிடம் ஊரில் இருக்கிறதாம். மகனுக்காக எலும்பைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்த கிழவன் என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள் போல. ஒட்டி முடித்ததும் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். நானும் அசைத்தேன். பசை கெட்டிப்பட அடுப்பில் வேகவைத்து எடுத்தபிறகு லின் அக்கா நாணயத்தை என் கையில் கொடுத்துத் தட்டச் சொன்னார்.

டிங்.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் மச்சான் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "சொல்லு மாப்ள. எங்க செஞ்சது அது?"

"நாலஞ்சு ஊர்ல மச்சான். ஒடச்சது மட்டும்தான் நம்ம ஊர்ல."

நெல்லித்தோப்பு மெக்கானிக்கை யாரும் திட்டவில்லை. இறுக்கச் சொன்னது நாங்கள்தானே?

தேர்வு அன்று காலை ஈ.சி.ஆர். ரோட்டு ஓரத்தில் நின்றோம். ஒவ்வொருவராக விடுகிறார்கள். பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொள்ள, எண்ணி முடித்ததும் பாயவேண்டும். கலா சும்மா இருப்பாளா? சீட்டுக்கு அடியில் வேலைப் பூ கட்டுகிற நாரால் முடிந்திருந்தாள். "இறுக்கலங்க. தொளதொளன்னுதான் கட்டியிருக்கேன்" என்று என்னிடம் காட்டினாள்.

சரவணன் முறை வந்தது. பெடலில் கால் வைத்து நிமிர்ந்தான். ஐந்து, நான்கு என்று எண்ண ஆரம்பித்தார்கள். நார் நழுவி வேல் ரோட்டில் விழுந்தது. கணீர் என்று சத்தம்.

கலா வாயைப் பொத்திக்கொண்டாள். கழன்று விழுந்தால் அபசகுனம் என்று சொன்னவள் அவள்தான். சரவணன் திரும்பி என்னைத்தான் பார்த்தான். நான் வேண்டாம் என்று தலையசைத்திருந்தால் இறங்கியிருப்பான். ஏறாதே என்று ஒருமுறை சொன்னபோதும் பேச்சைத் தட்டாமல் இறங்கினவன்தானே?

"வேல் எங்கிட்ட இருக்கட்டும்டா. நீ போ" என்றேன்.

"அல்லே! அல்லே!" என்று மச்சான் பிரெஞ்சில் கத்தி முடுக்கினார். சைக்கிள் அம்பு மாதிரி கிளம்பியது.

நான் குனிந்து வேலை எடுத்தேன். மண்ணைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் போட்டேன். வளைவில் அவன் மறைகிறவரைக்கும் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவேண்டும் போல கை பரபரத்தது. இறுக்கவில்லை. கையைக் கீழேயே விட்டிருந்தேன்.